மெஸ் அக்காக்களைப் பற்றி ஓர் இதழும் ஒரு வீதி நாடகமும்

எங்கள் கல்லூரியில் மாணவர் பத்திரிகைக் குழு தனி, நாடகக் குழு தனி. இரண்டிலும் இருந்த ஒருசிலரில் நானும் ஒருத்தி. தமிழ் இலக்கியம் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, ஒரே விஷயத்தை முதலில் கட்டுரையாக எழுதினோம், அப்புறம் வீதி நாடகமாகவும் போட்டோம். விடுதி மெஸ்ஸில் வேலை பார்க்கும் அக்காக்களைப் பற்றியது அது. இதே மாதிரி ஒன்றைச் செய்ய நினைக்கும் மாணவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை எழுதிவைக்கிறேன்.

மெஸ்ஸில் பேட்டி எடுக்க நேரம் கிடைப்பதே பெரும்பாடு. விடியும் முன்பே இட்லி அடுப்பு பற்றவைத்துவிடுவார்கள். காலைப் பந்தி முடிந்ததும் பாத்திரம், உடனே மதியச் சமையல். பிற்பகலில் ராத்திரிக்குக் காய் நறுக்க உட்காரும்போதுதான் கொஞ்சம் பேச்சு ஓடும். நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தோம். போனில் ரெக்கார்டரைப் போட்டதும் பேச்சு நின்றுவிட்டது. போனைப் பைக்குள் வைத்துவிட்டோம். கேட்டதையெல்லாம் அறைக்குப் போனதும் சூட்டோடு சூடாக எழுதி, மறுநாள் அவர்களிடமே வாசித்துக் காட்டினோம். "இதை எடுத்துரு பாப்பா, சூப்பர்வைசர் படிச்சா வம்பு" என்று ஒரு அக்கா சொன்ன வரியை அந்த இடத்திலேயே அடித்தோம். நல்ல வரிதான், ஆனால் வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பெயர்களை மாற்றிப் போட்டோம், மாற்றியிருக்கிறோம் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டோம்.

அச்சு வேலையில் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. நாம் போனிலும் கணினியிலும் யூனிகோடில் தட்டச்சு செய்கிறோம். ஆனால் எங்கள் அச்சகத்தில் பக்கம் கட்ட இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருள்தான். அதில் யூனிகோடு ஓடாது. பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுவார்கள். மாற்றும்போது சில எழுத்துகள் உடையும், கொக்கிகள் இடம் மாறும். ஆகவே மெய்ப்புப் பார்ப்பதை மாற்றிய பிறகுதான் செய்ய வேண்டும். இன்னொன்று பக்கக் கணக்கு. நடுவில் பின் அடிக்கும் இதழுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்கில் வர வேண்டும். பதினெட்டுப் பக்கத்துக்கு விஷயம் சேர்ந்தால் இரண்டு பக்கத்தை வெட்டுங்கள், அல்லது இரண்டு பக்கம் கூட எழுதுங்கள். அட்டையில் சிற்றிதழ்களைப் போல "தனிச்சுற்றுக்கு மட்டும்" என்று போட்டோம்.

இதழ் வெளியான பிறகு, இதையே நாடகமாகப் போடலாம் என்ற பேச்சு வந்தது. பத்திரிகைக்காகப் பேசியவர்களின் வாழ்க்கையை, கேட்காமல் கொள்ளாமல் மேடையேற்றலாமா? எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். அச்சில் வந்துவிட்டது, இனி அது பொதுதானே என்றான் ஒருவன். எனக்கு அது சரியாகப் படவில்லை. படித்துப் பார்ப்பது வேறு, தன்னைப் போலவே ஒருத்தி நடித்துக் காட்டுவதை நாலு பேர் முன்னால் பார்ப்பது வேறு. மறுபடியும் மெஸ்ஸுக்குப் போய்க் கேட்டோம். சம்மதித்தார்கள், ஒரு நிபந்தனையோடு: ஒத்திகையைத் தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

எழுதும்போது ஒரு வித்தியாசம் பிடிபட்டது. கட்டுரையில் மூன்று அக்காக்கள் மூன்று பேராகத்தான் இருக்க முடியும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் வாயில் போட்டால் அது பொய். நாடகத்தில் மூவரையும் ஒரே பாத்திரமாக்கினோம். அதனால் யார் எதைச் சொன்னார் என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாமல் போனது. அவர்களுக்கு அதுவே பெரிய பாதுகாப்பு. கட்டுரையில் சேர்க்க முடியாமல் போன கோபம்கூட, ஆள் அடையாளம் இல்லாமல் நாடகத்தில் வந்தது.

அப்புறம் அனுமதி. துறைத்தலைவர் கையெழுத்து, பிறகு முதல்வர் அலுவலகம், அங்கே முழு நாடகப் பிரதியும் கேட்டார்கள். வீதி நாடகத்தில் பாதி, பார்வையாளர்களோடு பேசும்போது பிறப்பது. அந்த இடங்களில் "இங்கே நடிகர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிறார்" என்று எழுதி, கேட்கப்போகும் கேள்வியையும் சேர்த்துக் கொடுத்தோம். நாடகப் பிரதியை முன்னதாகவே போலீஸிடம் காட்ட வேண்டும் என்று சொல்லும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஞாநி பத்திரிகையாளர், 1978இல் பரீக்‌ஷா நாடகக் குழுவைத் தொடங்கியவரும் அவர்தான். இரண்டு குழுவிலும் ஒரே ஆள் எதற்கு என்று யாராவது என்னிடம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வருவார்.

ஒத்திகைக்கு இரண்டு அக்காக்கள் வந்தார்கள். பாத்திரம் கழுவும் காட்சியில் எங்கள் நடிகை நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து, புறங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். அதைப் பார்த்ததும் ஒரு அக்கா எழுந்துவிட்டார். "கையில சோப்பு இருக்கும்ல? யாராச்சும் இடுப்புல வைப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, தானே குனிந்து காட்டினார். இரண்டு கையையும் உடம்பில் படாமல் முன்னால் நீட்டி, கழுத்தைச் சாய்த்து, தோளோரம் இருந்த ரவிக்கைக் கையில் முகத்தை ஒற்றிக்கொண்டார். அத்தனை பேட்டியிலும் அவர்கள் வாயால் சொல்லாத ஒன்று இது. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவர்களுக்கு அது சொல்லத்தக்க விஷயமே இல்லை. அந்த அசைவை அப்படியே வைத்துக்கொண்டோம். நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

நூலகத்துக்கு எதிரே வேப்ப மரத்தடியில் பறையடித்துக் கூட்டம் சேர்த்தோம். மைக் கிடையாது. வட்டமாக நின்ற மாணவர்களுக்கு எல்லாப் பக்கமும் குரல் போய்ச் சேர, நடிகர்கள் சுழன்றுகொண்டே பேசினார்கள். திறந்தவெளியில் வரியின் கடைசிச் சொல் கரைந்துவிடும், அதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது பயிற்சியில் வந்தது.

நாடக விமர்சனத்தை அடுத்த இதழில் போட வேண்டும். நாடகத்தில் இருந்த நாங்கள் எழுதினால் அது விமர்சனம் ஆகாது. வேதியியல் துறை மாணவர் ஒருவரிடம் கொடுத்தோம். கடைசிப் பகுதி இழுவை என்று எழுதினார். ஒரு சொல்லும் வெட்டாமல் அச்சிட்டோம். வேறு கல்லூரியில் மறுபடி போடும்போது அந்தப் பகுதியைச் சுருக்கினோம்.

பாத்திரம் கழுவும் இடத்தில் வழுக்காமலிருக்க இப்போது ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறார்கள். சம்பளம் ஒப்பந்ததாரர் கையில் இருக்கிறது, அதில் மாற்றமில்லை. இரண்டையும் பின்தொடர் செய்தியாக, விமர்சனம் வந்த அதே இதழில் எழுதினோம்.