வாய்காட்டும் பிள்ளைக்கு மறுமொழி: ஆனி மாதக் குறிப்புகள்

03.06.2025

"சும்மா அலட்டாதேங்கோ அம்மா." பத்து வயதுப் பிள்ளை இப்படிச் சொன்னால் வீட்டில் வழமையாக நடப்பது இரண்டில் ஒன்று. தாய் அதைவிடப் பெரிய குரலில் ஏசுவார். இல்லாவிட்டால் "இவனோடை கதைச்சு வேலையில்லை" என்று குசினிக்குள் போய்விடுவார். எது நடந்தாலும், தான் சொன்ன சொல்லுக்குப் பலம் இருக்கிறது என்பதைப் பிள்ளை கண்டுகொள்கிறது.

செய்யவேண்டியது அரை நிமிட வேலை. கையில் உள்ள அலுவலை நிறுத்துங்கள். அறைக்கு அறை நின்று கூப்பிடாமல் பிள்ளைக்குக் கிட்டப் போங்கள். ஒரு கை நீளத் தூரம் போதும். சின்னப் பிள்ளை என்றால் குந்தி இருந்து முகம் பாருங்கள். உங்கள் வழமையான குரலை ஒரு படி இறக்குங்கள். பிறகு: "நீ சொல்ல வாறதைக் கேக்கிறன். இந்தக் குரலிலை இல்லை. ஆறுதலா இன்னொருக்காச் சொல்லு." சொன்ன பிறகு ஐந்து தொடக்கம் பத்து விநாடி பேசாமல் நில்லுங்கள்.

பெரும்பாலானோர் பிழை விடுவது அந்தப் பத்து விநாடியில்தான். "போன கிழமையும் இப்பிடித்தான், கொப்பரும் உப்பிடித்தான்" என்று தொடர்ந்தால் பிள்ளை அதற்கு மறுமொழி சொல்லத் தொடங்கும். முதல் விசயம் காணாமற் போய்விடும்.

ஒழுங்காகத் திருப்பிச் சொன்னால் உடனே விசயத்துக்கு வாருங்கள். உங்கள் பதில் "இல்லை" என்றே இருக்கலாம். ஒழுங்காகக் கேட்டால் கேட்டது கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்கத் தேவையில்லை. ஒழுங்காகக் கேட்டால் காது கொடுப்பீர்கள் என்பது மட்டும் உறுதியாக இருக்கட்டும். திரும்பவும் கத்தினால், "தேத்தண்ணி குடிச்ச பிறகு கதைப்பம்" என்று நேரம் சொல்லிவிட்டு விலகுங்கள். தேத்தண்ணி குடித்த பிறகு கட்டாயம் கதைக்க வேண்டும். அதை மறந்தால், கத்தினால் கேள்வி முடிந்துபோகும் என்று பிள்ளை நினைக்கும்.

05.06.2025

ஏன் இது பழக்கமாகிறது என்பதை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் குடும்பங்களை வீடுகளிலேயே அவதானித்த உளவியலாளர் ஜெரால்ட் பற்றர்சன் விளங்கப்படுத்தினார். 1982இல் வெளிவந்த அவரது நூலில் உள்ள கருத்தை யாழ்ப்பாணத்து வீடு ஒன்றில் வைத்துப் பார்க்கலாம்.

இரவு எட்டு மணி. "போனை வை." பிள்ளை அசையவில்லை. மூன்றாம் தரம் சொல்லும்போது பிள்ளை "விசர்க்கதை கதைக்காதேங்கோ" என்று சீறுகிறது. தாய் களைத்துப்போய் "என்னவும் செய்" என்கிறார். பிள்ளைக்குப் போன் மிஞ்சியது. தாய்க்குச் சத்தம் அடங்கியது. இருவருக்கும் ஏதோ ஒன்று கிடைத்திருப்பதால் நாளைக்கும் இருவரும் இதையே செய்வார்கள். சில வீடுகளில் மறுபக்கமாக நடக்கும்: ஐந்தாம் தரம் தகப்பன் உறுக்கியவுடன் பிள்ளை போனை வைக்கும். முதல் நாலு தரமும் கேட்கத் தேவையில்லை, ஐந்தாவதுதான் உண்மையான கட்டளை என்று அங்கே பிள்ளை படிக்கிறது.

ஆகவே ஒரு தரம் சொல்லுங்கள். "வைக்கிறியா?" என்று கேள்வியாக வேண்டாம். "இன்னும் அஞ்சு நிமிசத்திலை போனை மேசையிலை வை" என்று செய்யவேண்டியதைச் சொல்லுங்கள். நேரம் வந்ததும் கிட்டப் போய்க் கையை நீட்டுங்கள்.

புதிய ஒழுங்கு தொடங்கிய முதல் நாட்களில் பிள்ளையின் கத்தல் கூடும். இதுவரை பலித்த வழி பலிக்காதபோது அதையே இன்னும் பலமாகச் செய்து பார்ப்பது பிள்ளைகளின் இயல்பு. ஒழுங்கு பிழைத்துவிட்டது என்று பெற்றோர் கைவிடுவது இந்த இடத்தில்தான். மூன்றாம் நாள் விட்டுக்கொடுத்தால், மூன்று நாள் கத்தினால் வெல்லலாம் என்பதே மிஞ்சும். தொடங்குவதற்கு முன் வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் இதற்கு உடன்பட வேண்டும். உடன்படாவிட்டால் தொடங்காமல் இருப்பது நல்லது.

09.06.2025

மூன்று, நாலு வயது. அம்மம்மாவைப் பார்த்து "போடி" என்கிறது. வீடே சிரிக்கிறது, மாமா அதைப் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அடுத்த கிழமை விருந்தாளிகளுக்கு முன்னால் அதே சொல் வந்தால் அடி விழுகிறது. அந்த வயதுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. முதல் நாளே யாரும் சிரிக்காமல், "அம்மம்மா, இஞ்சை வாங்கோ எண்டு சொல்லு" என்று சரியான வசனத்தை வாயில் கொடுத்து, சொன்னவுடன் அம்மம்மா வரவேண்டும். விளக்கம் தேவையில்லை. அந்த வயதுப் பிள்ளையோடு பெரியவர்களும் "வாங்கோ, சாப்பிடுங்கோ" என்று கதைக்கிற வீடுகளில் இந்த வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

பதின்மூன்றுக்கு மேல் வேறு கதை. கண்ணைச் சுழற்றுவது, கதவை அடித்துச் சாத்துவது, பெருமூச்சு விடுவது எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டால் நாள் முழுக்கச் சண்டைதான். என் அபிப்பிராயம்: முகத்தை விட்டுவிடுங்கள், வார்த்தையைப் பிடியுங்கள். ஆளைத் தாழ்த்தும் சொல், மிரட்டல், பொருளை எறிதல் ஆகிய மூன்றுக்கும் எப்போதும் மறுமொழி இருக்கட்டும். அறைக்குள் போன பிள்ளையைப் பின்தொடர்ந்து போய்க் கதவைத் தட்டாதீர்கள். பிறகு மோட்டார் சைக்கிளில் ரியூசனுக்குக் கூட்டிப்போகும்போதோ, பக்கத்தில் இருந்து மரக்கறி வெட்டும்போதோ கதையுங்கள். முகத்துக்கு முகம் பாராத இடத்தில் இந்த வயதுப் பிள்ளைகள் கூடுதலாகக் கதைப்பார்கள்.

10.06.2025

நேற்றைய குறிப்பில் விடுபட்டது: ஏழு, எட்டு வயதில் வரும் கெட்ட வார்த்தைகளில் பல, பொருள் தெரியாமல் பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றும் வான் வண்டியிலிருந்து வருபவை. "உதின்ரை கருத்துத் தெரியுமோ?" என்று ஒருக்காக் கேளுங்கள். தெரியாவிட்டால் சுருக்கமாகச் சொல்லி, எங்கள் வீட்டில் பாவிக்கிறதில்லை என்று முடியுங்கள்.

14.06.2025

சபையில் நடக்கும் மரியாதைக் குறைவுதான் எங்கள் ஊரில் பெற்றோரை மிகவும் சுடுகிறது. கலியாண வீட்டில் மாமி கேட்டதற்கு மறுமொழி இல்லை, கனடாவிலிருந்து பெரியப்பா வீடியோ கோல் எடுத்தால் முகத்தைத் திருப்புகிறது. "என்ன பிள்ளை வளர்த்திருக்கிறியள்" என்ற பேச்சுக்குப் பயந்து அந்த இடத்திலேயே பிள்ளையைக் குட்டுகிறோம். குட்டு வாங்கிய பிள்ளைக்கு மாமி மேல் வருவது கோபம்தான்.

போக முன் வீட்டிலேயே இரண்டே இரண்டு விசயம் சொல்லுங்கள்: ஆட்களைக் கண்டால் "வணக்கம் மாமி" அல்லது ஒரு சிரிப்பு, கேட்ட கேள்விக்கு ஒரு வசனம். அதற்கு மேல் கேட்காதீர்கள். கொஞ்சச் சொல்லி, பாடிக் காட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சபையில் பிழை நடந்தால் தோளில் கை வைத்து வெளியே கூட்டிவந்து இரண்டு நிமிடம் நின்று, "உள்ளை போய் மாமிக்கு மறுமொழி சொல்லுவம், நானும் பக்கத்திலை நிக்கிறன்." மிச்சம் வீட்டில், தனியாக.

அப்பம்மா பிள்ளைக்காகப் பரிந்து வந்தால் பிள்ளைக்கு முன்னால் அவரோடு வாதாட வேண்டாம். "அம்மா, பிறகு கதைப்பம்" போதும். தாய் தகப்பன் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள், அப்பம்மாவைப் பற்றி அவர் இல்லாதபோது எப்படிக் கதைக்கிறார்கள் என்பதையும் பிள்ளை கேட்டுக்கொண்டேயிருக்கிறது.

18.06.2025

விளைவு என்ன வைக்கலாம்? நடந்த பிழையோடு தொடர்பு இருக்க வேண்டும், முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், உங்களால் நிறைவேற்றக்கூடியதாக இருக்க வேண்டும். போனுக்காகக் கத்தினால் நாளை மாலை வரை போன் இல்லை. "ஒரு மாதத்துக்குத் தொடக்கூடாது" என்று சொல்லி நாலாம் நாள் கொடுத்தால் அடுத்த முறை உங்கள் வாய்க்கு மதிப்பில்லை. மூன்று தொடக்கம் எட்டு வயது வரை தனியாக அமர்த்தலாம்: வயதுக்கு ஒரு நிமிடம், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒரு கதிரையில். இருட்டறை கூடாது. சாப்பாடு, படுக்கை, விளையாட்டுப் பயிற்சி ஆகியவற்றைப் பறிக்கக் கூடாது.

"சொறி சொல்லு" என்று பிடித்து நிறுத்தினால் சொல் வரும், வேறொன்றும் வராது. கோபம் ஆறியபின் சரிசெய்யக் கொடுங்கள்: எறிந்த கொப்பிகளை அடுக்கட்டும், ஏசிய தங்கச்சிக்கு ஒரு உதவி செய்யட்டும். செய்து முடிந்ததும் அந்தக் கணக்கைத் தீருங்கள். மறுநாள் எடுத்துச் சொல்லிக் காட்டாதீர்கள்.

அடியைப் பற்றித் திட்டவட்டமாக எழுத வேண்டும். பூவரசந்தடி அன்றைக்குச் சத்தத்தை நிறுத்தும். ஆனால் அடிப்பவருக்கு முன்னால் மட்டும் அடங்கி, அம்மம்மாவிடமும் ரீச்சரிடமும் அதே வாயைக் காட்டும் பிள்ளை அதிலிருந்துதான் உருவாகிறது. பொய்யும் கூடவே வளர்கிறது. கன்னத்தில் அறைந்தால் செவிப்பறை கிழியலாம். ஐ.நா.வின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவின்படி, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைப் பராமரிப்பவர் வேண்டுமென்றே தாக்குவதும் கொடுமைப்படுத்துவதும் குற்றம். "மாடு, விசரன்" என்று ஏசி வளர்த்துவிட்டு அந்தச் சொல் திரும்பி வரும்போது அதிர்ச்சியடைவதிலும் நியாயமில்லை.

23.06.2025

நேரத்தைக் கவனியுங்கள். பாடசாலை 1.30க்கு விடுகிறது, அவசரச் சாப்பாடு, பிறகு ரியூசன், வெயிலில் சைக்கிள். பிள்ளை ஆறரைக்கு வீட்டுக்குள் கால் வைத்தவுடன் "சோதனையிலை எத்தினை?" என்றால் சீறல் வராமல் என்ன செய்யும்? முதலில் தண்ணீரும் ஒரு பணிசும், இருபது நிமிடம் கேள்வி எதுவும் இல்லை. இதை மட்டும் மாற்றி மாலைச் சண்டைகள் குறைந்த வீடுகள் பல.

நித்திரையும் பாருங்கள். 6 முதல் 12 வயதுக்கு 9 தொடக்கம் 12 மணித்தியாலம், 13 முதல் 18க்கு 8 தொடக்கம் 10 என்பது மருத்துவர்களின் பரிந்துரை. புலமைப்பரிசில் பரீட்சைக்காக அதிகாலை நாலுக்கு எழுப்பப்படும் பிள்ளை இரவு பத்துக்குப் படுத்தால் ஆறு மணித்தியாலம்தான்.

27.06.2025

எல்லாமே மரியாதைக் குறைவு அல்ல. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மாறினால், குறிப்பிட்ட ஓர் ஆளிடம் மட்டும் முரண்டு பிடித்தால், ஒரு வகுப்புக்குப் போகமாட்டேன் என்று நின்றால், முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். வற்புறுத்தி வணங்க வைக்காதீர்கள். துன்புறுத்தல் என்று சந்தேகம் இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

கோபமும் எதிர்ப்பும் ஆறு மாதத்துக்கு மேலாக, ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையில் கிழமைக்கு ஒரு தரமாவது வந்து, படிப்பையோ நட்பையோ குலைத்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. போக முன் இரண்டு கிழமை ஒரு கொப்பியில் நாலு நிரல் போட்டு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை சொன்ன வார்த்தை அப்படியே, பெரியவர்கள் என்ன செய்தார்கள். நாலாவது நிரலை விடாமல் எழுதுங்கள். வைத்தியர் அதைத்தான் கூடுதலாகக் கேட்பார்.