உடல் எடைக்கு ஒரு சமன்பாடு: வைவாவில் திணறியவனின் குறிப்புகள்

முதுகலை புராஜெக்டுக்கு உடலின் ஆற்றல் சமநிலையை எடுத்தபோது, சமன்பாடு கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும் என்று நம்பினேன். குளுக்கோஸ், இன்சுலின், லெப்டின், கொழுப்பு, தசை என்று 14 மாறிகள். கணினி ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால் கொழுப்பு மைனஸில் இருந்தது!

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்டது ஒரே கேள்வி. "80 கிலோ ஆள் தினமும் 240 கிலோகலோரி குறைத்துச் சாப்பிட்டால் எடை எங்கே போய் நிற்கும்?" ஒரு கிலோ எடை குறைய 7700 கிலோகலோரி குறைய வேண்டும் என்ற பிரபலக் கணக்கைச் சொன்னேன். வருடத்துக்குச் சுமார் 11.4 கிலோ. "அப்படியானால் ஏழு வருடத்தில் ஆளே காணாமல் போய்விடுவாரே?" என்றார் தேர்வாளர். வாயடைத்துப் போனேன்.

விட்டது இதைத்தான்: எடை குறைந்தால் செலவும் குறையும். அடியில் ஓட்டை உள்ள தொட்டி மாதிரி. நீர்மட்டம் இறங்க இறங்க ஒழுகும் வேகமும் இறங்கும். எனவே, எடை மாறும் வேகம் = (உட்கொள்வது − க × எடை) ÷ 7700. இங்கே 'க', ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் ஆகும் செலவு. அதை 24 என்று வையுங்கள். செலவும் 240 குறைந்துவிட்டால் எடை நின்றுவிடும்; 240ஐ 24ஆல் வகுத்தால் 10 கிலோ. ஆக, 80 கிலோ ஆள் 70இல் நிற்பார். 7700ஐ 24ஆல் வகுத்தால் சுமார் 321 நாள், அதுதான் இந்த அமைப்பின் கால மாறிலி, அதாவது மொத்த மாற்றத்தில் சுமார் 63 சதவீதம் நடந்து முடிய ஆகும் காலம். பாதி மாற்றத்துக்கு ஏழரை மாதம் போதும். உடல் எடையை ஆராயும் கெவின் ஹாலும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட விரிவான கணித மாதிரியில் அதற்குச் சுமார் ஒரு வருடம் ஆகிறது. ஒற்றை வரிச் சமன்பாடு இவ்வளவு பக்கத்தில் வந்ததே எனக்கு ஆச்சரியம்.

இதைத் தாளில் போட்டுப் பார்க்காமல் கணினியைத் தொடாதீர்கள். அலகுகளையும் சரிபாருங்கள். என் மைனஸ் கொழுப்புக்குக் காரணம், ஒரு வரியில் நிமிடமும் இன்னொன்றில் நாளும் கலந்திருந்ததுதான்.

அப்புறம், கால அளவுகளைப் பிரித்து வையுங்கள். குளுக்கோஸ் நிமிடக் கணக்கில் ஏறி இறங்கும், எடை மாதக் கணக்கில் நகரும். குளுக்கோஸ்தான் உங்கள் கேள்வி என்றால் 1979இல் பெர்க்மன் குழுவினர் தந்த 'மினிமல் மாடல்' (குளுக்கோஸ், இன்சுலின் உறவுக்கான எளிய கணித மாதிரி) இருக்கிறது, அதைத் தனியாக எடுத்துச் செய்யுங்கள். எடையைப் பற்றிய கேள்வியில் அது தேவையே இல்லை.

ஒற்றைத் தொட்டி கைவந்த பிறகு அதைக் கொழுப்பு, கொழுப்பற்ற திசு என்று இரண்டாக்கலாம். கொழுப்பில் கிலோவுக்குச் சுமார் 9400 கிலோகலோரி, மற்றதில் சுமார் 1800தான். 7700 ஏன் எல்லோருக்கும் பொருந்தாது என்பது இங்கேதான் புரியும். மறு வைவாவில் நான் காட்டியது இந்த இரண்டு தொட்டிகளை மட்டும். மீதி 12 மாறிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.