துரைமார் எழுதி வைத்த நடேசய்யர்

ஜூன் 4

இலங்கைத் தோட்டத் தொழிலாளருக்காகப் போராடிய கோ. நடேசய்யரைத் தேடிக்கொண்டு போனால் முதலில் அகப்படுவது அவரைப் பிடிக்காதவர்கள் எழுதியதுதான். கந்தோரில் அரைநாள் லீவு போட்டுவிட்டு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் போய் உட்கார்ந்தேன். 1920களில் தோட்டத் துரைமாருக்கும் பொலிசுக்கும் இந்த ஒரு ஆளைப் பற்றி எவ்வளவு கவலை இருந்திருக்கிறது என்று பார்த்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. இத்தனைக்கும் ஆள் யார்? 1887ல் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, அங்கே வணிகப் பாடம் படிப்பித்துக்கொண்டிருந்தவர். கொழும்புக்கு வந்து 1921ல் தேசநேசன் என்ற பேப்பரைக் கையில் எடுத்தார், பிறகு தேசபக்தன். அதில் தோட்டத்துக் கூலியைப் பற்றி, கங்காணியைப் பற்றி, துரையைப் பற்றி எழுதினார். அதற்கே அவரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்குப் போயிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் இவரைப் பற்றிப் படித்த ஞாபகமே எனக்கு இல்லை. நான் தலவாக்கலையில் பிறந்து கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன், எனக்கே இந்தக் கதி.

ஜூன் 10, பொசன் போயா

எல்லாம் பூட்டு. தெருவெல்லாம் தன்சல் என்ற இலவசச் சாப்பாட்டுக்கு வரிசை, தலையை வெளியே நீட்ட முடியவில்லை. வீட்டில் இருந்து குறிப்புகளை அடுக்கினேன்.

நடேசய்யரைப் பற்றி மலையகத்தில் வாய்வழியாகப் பிழைத்திருக்கிற ஒரே கதை புடவை வியாபாரிக் கதை. ஆள் புடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வியாபாரி மாதிரி தோட்டத்துக்குள் போனார், தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்தில் மூட்டையை அவிழ்த்தார், துணி விலை பேசுகிற சாக்கில் வந்த விஷயத்தைப் பேசினார், துண்டுப் பிரசுரத்தையும் கொடுத்துவிட்டு வந்தார் என்று. கேட்பதற்கு சினிமா மாதிரி இருக்கும். ஆனால் ஏன் வேஷம் போட வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தோட்டம் துரையின் சொத்து, லயத்துக்குப் போகிற பாதையும் அவருடைய சொத்து. அனுமதி இல்லாமல் வெளியாள் காலை வைத்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடலாம். அப்படியென்றால் ஒரு தொழிலாளியைப் பார்த்து "உனக்குச் சட்டத்தில் இன்னது இருக்கிறது" என்று சொல்வதற்கே யாராலும் உள்ளே போக முடியாது, புடவைக்காரனால் மட்டும் முடியும்.

உள்ளே இருந்த நிலைமையையும் சொல்ல வேண்டும். 1921 வரைக்கும் துண்டு முறை இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியிருக்கும். அந்தக் கடனை அடைக்க வேறொரு தோட்டம் முன்வந்தால் ஆளும் கடனோடு சேர்ந்து அங்கே போவார். ஆளை விற்றார்கள் என்று நான் எழுதினால் யாராவது சண்டைக்கு வரலாம், சரி, கடனை விற்றார்கள் என்றே வைத்துக்கொள்வோம், ஆள் கூடவே போனார். அதற்கு நடுவில் பெரிய கங்காணிக்கு வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு. 1927ல்தான் குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு சட்டம் வந்தது. அதன்படி உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஒரு நாளைக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். பிறகு உலகம் முழுக்க வியாபாரம் படுத்தபோது அதிலும் கை வைத்தார்கள்.

இதற்குள்தான் அந்தப் புடவை மூட்டை போனது.

ஜூன் 14

கீழ்வீட்டு ஐயா ஒரு காலத்தில் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். கையால் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி வைத்த காலம். நண்பர் அனுப்பிய தேசபக்தன் பக்கமொன்றின் படத்தை போனில் பெரிதாக்கிக் காட்டினேன். நான் கட்டுரையைப் பற்றி அவர் ஏதாவது சொல்வார் என்று காத்துக்கொண்டிருக்க, அவர் பார்த்தது வேறு.

"தம்பி, இது தேஞ்ச எழுத்து. பாருங்க, காலெல்லாம் மழுங்கியிருக்கு. புது எழுத்து வாங்க காசில்லாதவன் நடத்தின பேப்பர்."

"பேப்பர் நல்லா ஓடியிருந்தால்?"

"நல்லா ஓடினா எழுத்து இன்னும் தேஞ்சிருக்கும்" என்று சிரித்தார்.

எனக்கு அதற்கு மேல் கேள்வி வரவில்லை. பிளேன்டீ குடித்துவிட்டு ஐயா தானாகவே சொன்னது இது: இப்படிப்பட்ட பேப்பர்களில் ஆசிரியர், விளம்பரம் பிடிக்கிறவர், கடைக்குக் கட்டுக் கொண்டுபோய்ப் போடுகிறவர் எல்லாம் ஒரே ஆள்தானாம், மாதக் கடைசியில் சம்பளம் கேட்டால் ஒளிந்துகொள்கிறவரும் அவரேதானாம்.

கொழும்பு வாழ்க்கையைப் பற்றியும் கொஞ்சம். ஏ. ஈ. குணசிங்கவின் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தில் நடேசய்யர் உப தலைவராக இருந்தார். துறைமுகத் தொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் ஒரே மேடையில் என்று கொஞ்ச காலம் ஒரு கனவு நடந்தது. 1925ல் இவர் சட்டசபைக்கும் போய்விட்டார். ஆனால் 1920களின் கடைசியிலேயே குணசிங்கவோடு பிரிவு. வேலையில்லாத் திண்டாட்டம் வந்ததும் குணசிங்க இந்தியத் தொழிலாளர்களுக்கு எதிராகப் பேசத் தொடங்கினார். நடேசய்யர் மலைக்குப் போய் 1931ல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். இந்தப் பிரிவில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று எழுதப் போனால் அதுவே ஒரு புத்தகமாகிவிடும். நடேசய்யர் சுலபமான ஆள் இல்லை என்பது மட்டும் தெரிகிறது. யாரோடும் நெடுநாள் ஒத்துப்போனதாகத் தெரியவில்லை.

ஜூன் 19

இன்றைக்கு முழுக்க மீனாட்சியம்மாள்.

நடேசய்யரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் "அவருடைய துணைவியாரும்" என்று அரைவரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நகர்ந்திருப்பேன், அந்தச் சின்னப் பாட்டுப் புத்தகம் கண்ணில் படாமல் இருந்திருந்தால். பெயர் "இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை", ஆண்டு 1940. தலைப்பைப் பார்த்தால் ஏதோ அறிக்கை மாதிரி இருக்கும், உள்ளே பாட்டு. அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்த மெட்டுகளில் கட்டிய பாட்டு, மேடையில் பாடுவதற்காகவே எழுதியது. படிக்கத் தெரியாதவர்கள்தான் கூட்டத்தில் அதிகம், அவர்களிடம் பேப்பரைக் கொடுத்து என்ன பயன்? புருஷன் எழுதியதை வாசிக்கக் கூடியவர்கள் சில நூறு பேர் என்றால் மனைவி பாடியதைக் கேட்டவர்கள் அதைவிடப் பல மடங்கு இருந்திருப்பார்கள் என்பது என் கணக்கு. பாரதி பாட்டையும் பாடினார், தன் பாட்டையும் பாடினார்.

1940 என்ற ஆண்டையும் கவனிக்க வேண்டும். முந்தைய வருஷம்தான் அரசாங்க வேலையில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை நிறுத்தத் தொடங்கினார்கள். அதைப் பேசித் தீர்க்க நேரு 1939 ஜூலையில் கொழும்புக்கு வந்தார், அந்த வருகையோடு இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. பெரிய தலைவர்கள் கொழும்பில் கைகுலுக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் இந்த அம்மா அரசாங்க சபை (அன்றைய சட்டமன்றம்) மந்திரிமாரைப் பாட்டிலேயே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். தேசபக்தனில் பெண்களுக்காக எழுதியவரும் இவர்தான்.

பொலிசுக்காரர் நடேசய்யரின் பேச்சைக் குறிப்பெடுத்தார்கள், பாட்டை யார் குறிப்பெடுப்பார்? அதனால் துரைமார் எழுதி வைத்ததில் புருஷன் நிறைய இருக்கிறார், மனைவி இல்லை. அவராகவே அந்தப் புத்தகத்தை அச்சிட்டதால் கொஞ்சமாவது தப்பினார்.

ஜூன் 27

இரண்டு நாளாக பிரேஸ்கேர்டில் பற்றிய விஷயங்களில் மாட்டிக்கொண்டேன், தேடிப்போகாமலே வந்து விழுகிறது. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில், 1936ல் தேயிலைத் தோட்டத்தில் வேலை பழக வந்த வெள்ளைக்காரப் பையன். மடுல்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார், தொழிலாளிகளோடு சிநேகமானார், வேலை போனது, இடதுசாரிகளின் சமசமாஜக் கட்சிக்குப் போனார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் மேடையேறித் துரைமாரைத் திட்டினார். ஒவ்வொரு வசனத்துக்கும் ஜனங்கள் "சாமி, சாமி" என்று குரல் கொடுத்தார்கள் என்று அன்றைய கூட்டத்தைப் பற்றிய அறிக்கையொன்று சொல்கிறது. தேசாதிபதி ஸ்டப்ஸ் நாடு கடத்த உத்தரவு போட்டார், ஆள் தலைமறைவு. மே 5ந் திகதி காலிமுகத்திடல் கூட்டத்தில் திடீரென்று மேடையில் தோன்றினார். பிடித்தார்கள், உயர் நீதிமன்றம் விடுவித்தது. நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால் மனிதர் இலங்கையில் இருந்தது இரண்டு வருஷம் கூட இல்லை. அவருடைய முகம், பேச்சு, வழக்கு, தீர்ப்பு எல்லாம் வரிக்கு வரி பதிவாகிக் கிடக்கிறது.

இப்போது கோவிந்தனுக்கு வருவோம். ஹேவாஹெட்ட பக்கம் முல்லோயாத் தோட்டம், 1940 ஜனவரி 10. கூலியைக் கூட்டச் சொல்லியும் சங்கம் வைக்கிற உரிமை கேட்டும் வேலைநிறுத்தம், பொலிஸ் சுட்டது, கோவிந்தன் செத்தார். மலையகத்தில் இன்றைக்கும் தியாகிகள் பட்டியலை அவர் பெயரில்தான் தொடங்குகிறார்கள். விசாரணைக் கமிஷனில் அவருடைய மனைவிக்காக கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். அதைத் தொடர்ந்து நடந்ததுதான் வேடிக்கை. வேலைநிறுத்தம் செய்தவர்கள் மேல் போட்ட வழக்கைத் தள்ளிவைக்கும்படி உள்நாட்டு மந்திரி டி. பி. ஜயதிலக்க சொன்னார், பொலிஸ் மா அதிபர் பாங்ஸ் கேட்கவில்லை, தேசாதிபதி கால்டிகொட் பாங்ஸ் பக்கம் நின்றார், மந்திரி சபையே இராஜினாமா செய்தது. அப்புறம் சமாதானமாகித் திரும்பியும் வந்துவிட்டார்கள். மந்திரிமாருக்கும் தேசாதிபதிக்கும் யாருக்கு அதிகாரம் அதிகம் என்ற இழுபறியாக இந்தச் சம்பவம் அரசியல் வரலாற்றில் வருகிறது. சுடப்பட்டவர் எந்த ஊரில் இருந்து வந்த குடும்பம், என்ன வயது, என்ன வேலை பார்த்தார் என்று அந்தப் பக்கங்களில் ஒருவரும் மெனக்கெட்டு எழுதவில்லை. பிரேஸ்கேர்டில் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் கோப்பு யாருக்காகத் திறக்கப்படுகிறது என்பதைப் பார்க்க இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

ஜூலை 3

வேலை அதிகம், சுருக்கமாக.

நேசம் சரவணமுத்து. 1931 தேர்தலில் வடகொழும்பில் வென்ற டொக்டர் இரத்தினசோதி சரவணமுத்துவின் வெற்றி வழக்கில் செல்லாமல் போனது. 1932 இடைத்தேர்தலில் மனைவி நின்று வென்றார். அரசாங்க சபையில் அட்லின் மொலமுறேக்கு அடுத்த பெண் உறுப்பினர், தமிழ்ப் பெண்களில் முதலாமவர். 1936லும் வென்றார், 1941ல் காலமானார். கணவர் 1937ல் கொழும்பின் முதல் தெரிவான மேயர். கொட்டாஞ்சேனையில் எத்தனை பேரிடம் கேட்டேன், மேயர் சரவணமுத்துவை வயதானவர்களுக்குத் தெரிகிறது, அந்த அம்மாவை யாருக்கும் தெரியவில்லை.

அதே 1937ல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண் டொக்டர் மேரி இரத்தினம். கனடாவில் 1873ல் பிறந்தவர், தமிழரைக் கட்டினார் என்பதற்காக அனுப்பிய மிஷனே அவரை வேண்டாம் என்று ஒதுக்கியது. பெண்கள் வாக்குரிமை, கிராமப் பெண்களுக்கான மகிளா சமிதி என்று அவரைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, 1958ல் மக்சேசே விருதும் கிடைத்தது. விருது கொடுத்தால் கூடவே ஒரு வாழ்க்கைக் குறிப்பும் எழுதி வைப்பார்கள், அதனால் தேடுகிறவனுக்கு வேலை சுலபம். தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

ஜூலை 8

நண்பரொருவர் கேட்டார்: நடேசய்யர் அவ்வளவு பெரிய ஆள் என்றால் எப்படி இவ்வளவு சீக்கிரம் மறந்தார்கள், ஜனங்கள் நன்றி கெட்டவர்களா என்று. இந்தக் கேள்விதான் எனக்குக் கடுப்பு. யார் மறந்தார்கள் என்று கொஞ்சம் திகதிகளைப் பார்ப்போம்.

1936ல் இருந்து 1947 வரை ஹட்டன் தொகுதிக்கு நடேசய்யர்தான் அரசாங்க சபை உறுப்பினர். 1947 நவம்பரில் காலமானார். 1948ல் பிரஜாவுரிமைச் சட்டம், தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருஷம் வாக்காளர் சட்டத்தையும் திருத்தினார்கள், 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர் கூடப் பாராளுமன்றம் போகவில்லை. 1947ல் நுவரெலியாவில் வென்றிருந்த தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் மறுபடி அங்கே தேர்தலில் வென்றது 1977ல்தான். வாக்கு இல்லாத ஜனத்தின் தலைவருக்கு எந்த மந்திரி வந்து ரோட்டுக்குப் பெயர் வைப்பார், எந்தப் பாடப் புத்தகக் குழுவில் அவர்களுக்கு ஆள் இருந்தது? அதற்கு நடுவில் 1964ல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், அந்த நாடற்றவர்களில் 525,000 பேரை இந்தியா எடுக்க வேண்டும், 300,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று. தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்களில் நடேசய்யர் கூட்டத்துக்குப் போனவர்கள் இருந்தார்கள், மீனாட்சியம்மாள் பாடியதைக் கேட்டவர்களும் இருந்தார்கள். ஞாபகம் வைத்திருந்தவர்களையே ஏற்றி அனுப்பிவிட்டு ஏன் ஞாபகமில்லை என்று கேட்டால் என்ன சொல்வது?

அதனால் நான் தேட வேண்டிய இடம் கொழும்பு மட்டும் இல்லை என்று இப்போது படுகிறது. போனவர்களில் நிறையப் பேர் நீலகிரிக்குப் போனார்கள், கோத்தகிரி, கூடலூர், அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள். பாட்டுப் புத்தகத்தில் வரிகள் இருக்கின்றன, ஆனால் மெட்டு என்று போட்டிருக்கிற பழைய பாட்டுகள் பலதை எனக்குப் பாடத் தெரியாது, கீழ்வீட்டு ஐயாவுக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கம் யாராவது இதைப் படித்தால், வீட்டில் இலங்கையில் இருந்து வந்த பெரியவர்கள் இருந்தால், தோட்டத்துக் கூட்டங்களில் என்ன பாடினார்கள் என்று கேட்டு போனில் பதிவு செய்து அனுப்புங்கள். முழுப் பாட்டு வேண்டாம், பல்லவி போதும். அடுத்த வாரம் புத்தகத்தின் பாட்டுகளை மெட்டுப் பெயர்களோடு ஒவ்வொன்றாக இங்கே போடத் தொடங்குகிறேன்.