பலகையின் மேல் நடந்த மல்லி

வீட்டுச் சாமான்களை ஏற்றிய லோரியில் கடைசியாக ஏறியது ஒரு பழைய ஒட்டுப்பலகை. ஓரங்கள் மழையில் ஊறி உப்பியிருந்த, நடுவில் குளம்புத் தடங்கள் பதிந்த அந்தப் பலகையை எறிந்துவிடலாம் என்று கணவர் சொன்னபோது, பதினொரு வயது மகளும் எழுபத்தைந்து வயது அப்பாவும் ஒரே குரலில் மறுத்தார்கள். அவர்கள் மறுத்தது சரிதான் என்பதைச் சில நாட்களிலேயே தெரிந்துகொண்டேன்.

மலேசியாவின் பினாங்குத் தீவில், மேற்குப் பக்கத்துப் பாலிக் புலாவில், உறவினர் ஒருவருக்குச் சொந்தமான டுரியான் தோட்டத்தின் ஓரத்தில் ஐந்து ஆண்டுகள் குடியிருந்தோம். வாடகை வீடு ஒன்று, தகரக் கூரை போட்ட இரண்டு அறை லாயம் ஒன்று, கம்பிவேலி அடைத்த புல்வெளி ஒன்று. அந்த லாயத்தில்தான் எங்கள் மட்டக்குதிரைகளான மல்லியும் கரும்பும் இருந்தன. மட்டக்குதிரை என்றால் குதிரைக்குட்டி என்று எண்ணுகிறவர்கள் உண்டு. வளர்ந்த பிறகும், கழுத்தும் முதுகும் சேரும் தோள்மேட்டில் 58 அங்குலத்தைத் தாண்டாதவற்றையே பொதுவாக அப்படி அழைக்கிறார்கள். குதிரையின் உயரத்தை நான்கு அங்குலம் கொண்ட ‘கை’ என்ற அளவால் சொல்வது வழக்கம். அந்தக் கணக்கில் மல்லி 12 கை, கரும்பு 11 கை. பெண்குதிரையான மல்லி இப்போது பால்வெள்ளை. ஆனால் பிறக்கும்போது கருமையாக இருந்து ஆண்டுக்கு ஆண்டு நிறம் வெளுக்கும் வகையைச் சேர்ந்தது. வெண்மயிரை விலக்கிப் பார்த்தால் அடியில் தோல் இன்றும் கறுப்பாகவே இருக்கும். காயடிக்கப்பட்ட ஆண்குதிரையான கரும்பு, செங்கரும்பின் நிறம். பெயர் அப்படியிருந்தாலும் அதற்குக் கரும்புத் துண்டு கொடுப்பதில்லை, ஏனென்றால் மட்டக்குதிரைகளுக்குச் சர்க்கரை மிகுந்த தீனி குளம்பினுள்ளே அழற்சியை உண்டாக்கி, நிற்கவே முடியாத நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

குதிரைகள் எங்கள் குடும்பத்துக்குள் வந்தது அப்பாவால். 1864இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பின் பந்தயத் திடல் பத்து கந்தோங்கில் இருந்தது. அங்கே அவர் இளவயதில் சைஸ் வேலை பார்த்தார். குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, விடியற்காலையில் நடத்திக்கொண்டு போகிறவரை இந்த நாட்டில் சைஸ் என்றுதான் சொல்வோம். அந்த வேலையை விட்டுப் பல ஆண்டுகளுக்குப் பிறகும், யாராவது “குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம்” என்று சொன்னால் அப்பாவின் முகம் மாறும். குதிரை வேண்டுமென்று எவரையும் தள்ளுவதில்லை, அது எதற்கு மிரண்டது என்று பார்க்கத் தெரியாதவன்தான் விழுகிறான் என்பார்.

மல்லி எங்களிடம் வந்த நாளில் எதற்கு மிரண்டது என்று பார்க்கத் தெரியாதவள் நானாகத்தான் இருந்தேன். 2019இல், சவாரி கற்றுத்தரும் ஓர் இடத்திலிருந்து அதை வாங்கினோம். லோரியில் அமைதியாக ஏறும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஏற்றும்போது பின்னால் ஒருவர் பிரம்பைத் தரையில் அடித்துக்கொண்டே இருந்தார். முன்னால் ஒருவர் கயிற்றை இழுத்தார். மல்லி முன்கால்களைத் தூக்கி நின்று, பக்கவாட்டில் சரிந்து, பின்காலில் தோல் வழன்ற காயத்தோடு உள்ளே போனது. நான் அருகில் நின்றும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்காக இன்றும் வருந்துகிறேன். அதன் பிறகு ஓராண்டுக்கு மேல், தோட்டத்துக்கு வரும் எந்த லோரியின் பின்கதவு சத்தம் கேட்டாலும் அது புல்வெளியின் மறுகோடிக்கு ஓடிவிடும்.

லோரியில் ஏறுவதற்குச் சாய்த்துப் போடும் பலகையான சாய்தளத்துக்குக் குதிரைகள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. அவற்றின் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் இருப்பதெல்லாம் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர்கீழேயும் வாலுக்கு நேர்பின்னேயும் தெரியாது. வெயிலில் நின்ற கண் இருட்டுக்குப் பழக நம்மைவிட நீண்ட நேரம் எடுக்கும். போதாததற்கு, பலகையில் குளம்பு பட்டதும் அடியில் வெற்றிடம் இருப்பதைச் சொல்லும் அந்த ‘டொக்’ என்ற ஓசை. கால் வைக்குமிடம் தெரியாமல், எதிரே இருட்டுக்குள், அடியில் வெற்றிடமுள்ள தரையில் நடக்கச் சொல்கிறோம். ஓடித் தப்பிப்பதையே பிழைக்கும் வழியாகக் கொண்ட விலங்கு மறுக்காமல் என்ன செய்யும்?

முறையான பயிற்சியை அப்பாவின் மேற்பார்வையில் நானே கொடுத்தேன். நம் வெயிலில் காலை எட்டு மணிக்கு மேல் குதிரையை வேலை வாங்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். நம் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. இங்கே சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோய் மூச்சிரைக்கும் நோயும் வருவதுண்டு. ஆகவே விடியலில், நீண்ட கயிற்றில் வட்டமாக நடத்துவது, துள்ளோட்டத்துக்கு மாற்றுவது, குரலுக்கு நிற்க வைப்பது என்று கால்மணி நேரத்துக்குள் முடித்துவிடுவேன், ஏனெனில் வட்டத்தில் ஓடுவது மூட்டுகளுக்குச் சுமை. அப்பா கற்றுத்தந்ததில் முதன்மையானது கையை எப்போது எடுப்பது என்பதுதான். நெஞ்சில் விரல் வைத்து லேசாக அழுத்துகிறோம். குதிரை ஓரடி பின்வாங்க நினைத்து எடையை மாற்றுகிறது. அந்தக் கணத்திலேயே விரலை எடுத்துவிட வேண்டும். இன்னோர் அடி கிடைக்கட்டும் என்று அழுத்திக்கொண்டே இருந்தால், தான் செய்தது சரியென்று குதிரைக்குத் தெரியவே தெரியாது. கயிற்றை இழுத்தால் இழுத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமே அது சாயும் என்பதையும் அவரிடமே கற்றேன். ஒரு மாதத்தில் கரும்பு பாடம் ஒப்பிப்பதுபோல் எல்லாவற்றையும் செய்தது. மல்லியும் வட்டத்தில் ஓடியது, நின்றது, திரும்பியது. சாய்தளம் என்றால் மட்டும் சிலையாகிவிடும். நான் எவ்வளவோ முயன்றேன்.

2020 மார்ச் 18 அன்று, கொரோனா பரவலால், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிக்கூடம் மூடிவிட்டது. அப்போது ஆறு வயதாக இருந்த மகளுக்கு விளையாடக் கிடைத்த தோழர்கள் இந்த இருவர் மட்டுமே. வேலி பழுதுபார்த்தபோது மிஞ்சிய ஒட்டுப்பலகையைப் புல்வெளியின் நடுவில் போட்டு, அதற்குப் பினாங்குப் பாலம் என்று பெயர் வைத்தாள். அவள் அதன்மேல் நடப்பாள், குதிப்பாள், உட்கார்ந்து கதை பேசுவாள். முதல் இரண்டு வாரம் மல்லி இருபதடி தள்ளியே நின்றது. பிறகு வந்து முகர்ந்தது. ஒருநாள் முன்னங்குளம்பால் ஒரு தட்டுத் தட்டி, ஓசை கேட்டு ஓடி, திரும்பி வந்து மறுபடியும் தட்டியது. “தாத்தா, மல்லி கதவத் தட்டுது!” என்று அவள் கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கயிறு கட்டவும் இல்லை, வா என்று அழைக்கவும் இல்லை. எந்தக் கணத்திலும் விலகிப் போகலாம் என்றிருந்ததால்தான் அது நெருங்கி வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அப்பா அந்த விளையாட்டுக்கு ஒரே ஒரு விதி வைத்தார்: கையால் தின்பண்டம் கொடுக்கக் கூடாது. கொடுத்துப் பழக்கினால் மட்டக்குதிரை சட்டைப்பையைத் தேடும், தேடியது கிடைக்காவிட்டால் கடிக்கும். கேரட் வாளிக்குள் மட்டுமே. மாதங்கள் போகப் போகப் பலகையின் அடியில் நான்கு செங்கல் வந்தது. மேலே பழைய மழைத்துணியால் ஒரு பந்தல் வந்தது. அந்தப் பந்தலின் நிழலுக்குள் மல்லி தலைதாழ்த்தி நின்று உறங்கக்கூடப் பழகிவிட்டது. கரும்போ பலகையை எட்டிப் பார்க்கவில்லை. அதற்குப் பந்துதான் எல்லாம். காற்றிறங்கிய கால்பந்தைப் பல்லால் கவ்வி எறிந்து தானே துரத்தும். மாலையில் இரண்டும் எதிரெதிராக நின்று ஒன்றின் தோள்மேட்டை மற்றொன்று பல்லால் சொறிந்துகொடுக்கும். அந்த இடத்தில் சொறியும்போது குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். அப்பா அதை விரலாலேயே சொறிந்து காட்டி முன்பே சொல்லிவிட்டார்.

தோட்ட வாழ்க்கை எல்லாம் இனிமை என்று எழுத மாட்டேன். டுரியான் உதிரும் பருவத்தில் மரத்தடிப் பக்கம் குதிரைகள் போகாமல் வேலியை உள்ளே நகர்த்திக் கட்ட வேண்டும். முள்ளோடு விழும் பழம் முதுகில் பட்டால் என்னாகும் என்று எண்ணி இரவெல்லாம் விழித்திருக்கிறேன். மழைமாதங்களில் ஈரத்தில் நின்று குளம்பின் அடிப்பக்கம் அழுகி நாறும். தினமும் கொக்கியால் சுரண்டி, உலர்த்தி, மரச்சீவல் மாற்ற வேண்டும். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு செதுக்குபவரை வரவழைக்க வேண்டும். லத்தி அள்ளும் வேலைக்கு விடுமுறை கிடையாது. கீழ்ப்புற மலாய்க் கிராமத்தில் இருந்த ஒரு பாக்சிக் (மலாய்ப் பெரியவரை அப்படித்தான் அழைப்போம்) அதை மூட்டைகளில் கட்டி ஜாதிக்காய் மரங்களுக்கு எருவாக எடுத்துப் போவார். பதிலுக்கு நேப்பியர் புல் அறுத்துக் கொடுப்பார்.

தோட்டம் விற்கப்பட்டதாகவும் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்றும் தெரிந்தபோது, கடலுக்கு அப்பால் பெருநிலத்தில், கணவரின் பெற்றோர் இருக்கும் நிபோங் திபாலுக்கே குடும்பத்தோடு போவதென்று முடிவு செய்தோம். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டி ஒரு துண்டு நிலம் கிடைத்தது. குதிரைகளை இடம் மாற்றுவதில் அஞ்ச வேண்டியது பயணத்தைவிட வயிற்றைத்தான். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது வழியில் அடைத்துக்கொண்டால் வயிற்றுவலி உயிரையே கொண்டுபோகும். புது இடத்துத் தண்ணீரின் வாசனை பிடிக்காமல் குடிப்பதைக் குறைத்தாலே அடைப்பு வரலாம். எனவே பழைய கிணற்று நீரைப் பத்து டிரம்களில் நிரப்பினோம். பத்து நாளுக்கு வேண்டிய பழைய வைக்கோலையும் தவிட்டையும் தனியே கட்டினோம். புதியதைச் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும் என்று அப்பா தாளில் கணக்கு எழுதிக் கொடுத்தார். கால்நடை மருத்துவர் ஒருமுறை வந்து இரண்டையும் பார்த்துவிட்டுப் போனார். நான் புது நிலத்தின் வேலியை முழுதும் நடந்து, துருத்திய ஆணிகளையும் கம்பித் துண்டுகளையும் பொறுக்கினேன்.

வெயிலுக்கும் நெரிசலுக்கும் முன்பே போய்ச் சேர, காலை நான்கு மணிக்குக் குதிரை லோரி வந்தது. கரும்பு முதலில் ஏறும், அதைப் பார்த்து மல்லி ஏறும் என்பது என் திட்டம். பாடமெல்லாம் ஒப்பிக்கும் கரும்பு சாய்தளத்தின் விளிம்பில் கால் வைத்து, ஓசை கேட்டதும் பின்வாங்கி, என் கையிலிருந்த கயிற்றை உருவிக்கொண்டு இருட்டில் ஓடிற்று. எனக்கு நெஞ்சு படபடத்தது. அப்பா ஒன்றும் பேசாமல் விளக்கை வாங்கி லோரிக்குள் வெளிச்சம் விழும்படி கட்டினார். “பாப்பா, நீ மல்லிய கூட்டிட்டு வாம்மா. இழுக்காத. நீ பாட்டுக்கு நட” என்றார். மகள் கயிறு தொய்ந்து கிடக்க முன்னால் நடந்தாள். சாய்தளத்தின் அடியில் மல்லி நின்றது. மூக்கைத் தாழ்த்தி முகர்ந்தது. முன்னங்குளம்பால் ஒரு தட்டுத் தட்டியது, ஓசையைக் கேட்டது, மறுபடி ஒருமுறை தட்டிவிட்டு, தன் பலகையின் மேல் ஏறுவதுபோல் ஏறி உள்ளே போய் நின்றுகொண்டது. அது உள்ளிருந்து கனைத்ததும் கரும்பு தானாகவே திரும்பி வந்தது. இரண்டாம் முயற்சியில் அதுவும் ஏறியது. பந்து விளையாட்டுக்கு நான் கொடுத்த இடத்தைப் பலகைக்கும் கொடுத்து, கரும்பையும் அதில் சேர்த்திருக்க வேண்டும். என் பயிற்சியில் அந்த ஓசைக்கு இடமே இருக்கவில்லை.

மலைவளைவுகளில் ஊர்ந்து தெலுக் கும்பார் வழியாகப் பத்து மாவுங் வந்து, 2014இல் திறந்த இரண்டாம் பாலத்தில் ஏறினோம். ஏறக்குறைய 17 கிலோமீட்டர் கடலின் மேலேயே போகிறது அந்தப் பாலம். பின்னால் காரில் வந்த மகள், “இதுதான் நிஜப் பாலம்னு மல்லிக்குத் தெரியுமாம்மா?” என்று கேட்டாள். பத்து காவானை அடையும்போது வானம் வெளுத்திருந்தது.

புது இடத்தில் லோரியும் பாலமும் செய்யாத வேலையை ஒரு சிலை செய்தது. வேலிக்கு அப்பால் தோட்டத்து முனீஸ்வரர் கோயிலில் வெள்ளைச் சிமெண்டுக் குதிரை ஒன்று நிற்கிறது. மல்லி அதைக் கண்டதும் காதுகளை நிமிர்த்தி, மூக்குத்துளை விரிய, கால்மணி நேரம் அசையாமல் நின்றது. கனைத்துப் பார்த்தது, பதில் வரவில்லை. மூன்று நாள் அந்தப் பக்கம் புல்லே மேயவில்லை.

முதல் நான்கு இரவுகள் இரண்டும் படுக்கவேயில்லை. குதிரை நின்றுகொண்டே கண்ணயரும் என்றாலும், ஆழ்ந்த உறக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். படுப்பதற்கு அந்த இடத்தில் அச்சமில்லை என்று அதற்குத் தோன்ற வேண்டும். அப்பா ஒவ்வோர் இரவும் விளக்கில்லாமல் போய்ப் பார்த்து வந்தார். ஐந்தாம் நாள் மாலையில் மகள் பலகையை எடுத்துப் போய்ப் புல்வெளியின் நடுவில் செங்கல் வைத்துப் போட்டாள். மல்லி அதன்மேல் முன்னங்கால்களை வைத்து நின்று கோயில் குதிரையைப் பார்த்தது. அன்றிரவு இரண்டு மணிக்கு அப்பா என் அறைக் கதவைத் தட்டி, “வந்து பாரும்மா” என்றார். மல்லி பக்கவாட்டில் முழுதாய்ச் சாய்ந்து, கால்களை நீட்டி, வாய் லேசாகத் திறந்து உறங்கிக்கொண்டிருந்தது. அதன் தலைமாட்டில் கரும்பு காவலுக்கு நின்றது.