மூன்று இடத்துக்கு எழுதியாச்சு, ஒரு இடம் காலி

"என்ன தம்பி, சீட்டுக் கணக்கா?"

தல்லாகுளம் டீக்கடையில் மார்கழிக் குளிரோடு உட்கார்ந்து நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். டீ மாஸ்டர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"இல்லண்ணே, கோல்ஃப். 2026-ல நாலு மேஜரையும், அதாவது வருஷத்தோட நாலு பெரிய போட்டியையும், யார் ஜெயிப்பாங்கன்னு."

மாஸ்டர்ஸ், ரோரி மெக்கில்ராய். 11 வருஷம் ஒரு மேஜர்கூட இல்லாமல் தவித்து, 2025-ல் அந்தப் போட்டி நடக்கும் அகஸ்டா மைதானத்தில் ஜெயித்ததும் புல்தரையில் மண்டியிட்டு அழுத மனுஷன். மறுபடியும் அவர்தான் என்று மனசு சொல்கிறது.

பி.ஜி.ஏ., தி ஓபன் இரண்டுக்கும் ஸ்காட்டி ஷெஃப்ளர். 2025-ல் இரண்டையும் வென்றவர், யோசிக்கவே இல்லை.

யு.எஸ். ஓபனில்தான் பேனா நின்றுவிட்டது. 2025 முடியும்வரை ஷெஃப்ளர் கையில் சேராத ஒரே மேஜர் அதுதான். எழுத ஆசை. ஆனால் 2025-ல் ஓக்மாண்ட் மைதானத்தில் ஜெயித்தது ஜே.ஜே. ஸ்பான். என் நோட்டில் அந்தப் பெயரே இல்லை. கடைசிக் குழியில் 64 அடி தூரத்திலிருந்து தட்டினார், பந்து நேராக உள்ளே போய் விழுந்தது.

"64 அடின்னா எவ்வளவு தம்பி?"

பாய்லர் பக்கத்திலிருந்து நடந்து காட்டினேன். 25 எட்டு. ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கம் மல்லிகை கட்டும் அக்காவின் கூடை வரைக்கும் வந்துவிட்டது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் மாஸ்டர் கையிலிருந்த கிளாஸ் கொட்டாங்குச்சி அளவுக்குக்கூடத் தெரியவில்லை.

அவர் கிளாஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த எடத்தைச் சும்மா விடுப்பா" என்றார்.

விட்டுவிட்டேன்.