பிளிகிரி மலையில் சருகுத் தீ

சத்தியமங்கலத்தில் இருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஆசனூர் தாண்டி, சாமராஜநகர் வழியாகக் கர்நாடகத்தில் இருக்கும் பிளிகிரி ரங்கன் மலைக்குப் போனோம். காட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது யானையோ காட்டெருமையோ இல்லை, வெளியில் இருந்து வந்து காட்டை அடைத்துப் பரவும் உண்ணிச்செடி (லன்டானா). ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, பக்கத்து மரக் கிளையைப் பிடித்து ஏறி, பத்தடி உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத அடர்த்தி. விலக்கப் போனால் முள் கையைக் கீறுகிறது.

இந்த மலையின் பழங்குடிகளான சோளகர்களின் குடியிருப்பை அங்கே ‘போடு’ என்கிறார்கள். ஒரு போடுவில் பேசிக்கொண்டிருந்த பெரியவர், தன் சின்ன வயதில் இந்தக் காட்டில் தூரத்தில் யானை நின்றாலே தெரியும் என்றார். அப்போதெல்லாம் தை, மாசியில், சருகு முழுசாகக் காய்வதற்கு முன்பே தீ வைத்துவிடுவார்களாம். அந்தத் தீ முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாது, சருகையும் புல்லையும் தின்றுவிட்டுத் தானாக அணையும், மழை விழுந்ததும் புதுப்புல் வரும், மான் வரும். நெல்லி மரங்களில் புல்லுருவி இவ்வளவு பெருகியதும் தீ நின்ற பிறகுதான் என்கிறார்.

1974இல் சரணாலயமாக அறிவித்தார்கள். தீ வைப்பது குற்றமானது, காட்டுக்குள் மாறி மாறிப் பயிர் செய்து வந்தவர்கள் ஓரிடத்தில் அமர்த்தப்பட்டார்கள். 2011இல் புலிகள் காப்பகம். அதே ஆண்டு, வன உரிமைச் சட்டத்தின் கீழ் 25 போடுகளுக்குச் சமூக வன உரிமையும் கிடைத்தது, இந்தியாவில் புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இப்படிக் கிடைத்தது அதுவே முதல்முறை. தேனும் நெல்லியும் எடுக்கும் உரிமை காகிதத்தில் வந்துவிட்டது. சரி, தீ? அந்த முடிவு இன்னமும் வனத்துறை கையில்தான்.

துறையின் பயம் எனக்குப் புரிகிறது. இந்தப் புதர் காய்ந்து நிற்கும்போது பற்றினால் தீ மரத்தின் உச்சிக்கே ஏறிவிடும். ஆனால் புதர் இவ்வளவு சேர்ந்ததில் அத்தனை வருடத் தடைக்கும் பங்கு உண்டு என்று அங்கே ஆய்வு செய்தவர்களே சொல்கிறார்கள். முதலில் உண்ணிச்செடியை வேரோடு எடுக்க வேண்டும், அப்புறம் சின்னச் சின்னத் துண்டுகளாக, பனி ஈரம் இருக்கும்போதே, துறை ஆட்கள் பக்கத்தில் நிற்க, சோளகர்கள் தீ வைக்கட்டும். கோடையில் தீக்காவலுக்கு எடுப்பதே சோளகப் பையன்களைத்தான். எங்கே, எப்போது வைக்கலாம் என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அதை எழுத்தில் ஒரு திட்டமாகக் காப்பகம் கொண்டுவர வேண்டும்.