பாஸ்டன், 1721: ஒனேசிமஸ் கையில் இருந்த தழும்பு

பெரியம்மைத் தடுப்பின் வரலாற்றை 1796-ல் ஆங்கிலேய மருத்துவர் ஜென்னர் பசு அம்மைப்பால் குத்தியதிலிருந்துதான் பலரும் தொடங்குகிறார்கள். அதற்கு 75 ஆண்டு முன்பே பாஸ்டனில் பெரியம்மைச் சீழையே உடம்பில் ஏற்றி உயிர்களைக் காப்பாற்றினார்கள். அந்த வித்தையை அங்கே கொண்டுவந்தவர் ஒனேசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை. முதலில் சொல்ல வேண்டிய பெயர் அவருடையதுதான்.

பாதிரியார் காட்டன் மேதருக்கு 1706-ல் அவருடைய சபையார் வாங்கிக் கொடுத்தவர் ஒனேசிமஸ். பெரியம்மை வந்திருக்கிறதா என்று மேதர் கேட்டபோது, ஆமாம் என்றும் சொன்னார், இல்லை என்றும் சொன்னார். சொந்த ஊரில் குத்திக்கொண்ட தழும்பைக் கையில் காட்டினார்.

1721 ஏப்ரலில் சீஹார்ஸ் கப்பலோடு அம்மை வந்து இறங்கியது. மேதர் ஊர் மருத்துவர்களுக்கு எழுதினார். துணிந்தவர் சாப்டியல் பாயில்ஸ்டன் ஒருவரே. ஜூன் 26 அன்று தன் 6 வயது மகனுக்கும், மறுக்க உரிமையில்லாத இரண்டு அடிமைகளுக்கும் குத்தினார். அந்த அடிமைகளில் ஒருவன் இரண்டரை வயதுக் குழந்தை.

முறை இதுதான். கொப்புளங்கள் நெருங்கி ஒட்டாமல் தனித்தனியாக எழும்பிய நோயாளியைத் தேர்ந்து, பழுத்த கொப்புளத்தின் சீழைச் சிறு குப்பியில் எடுப்பார்கள். கையில் ஓரிரு இடம் கீறி, சீழில் தோய்த்த பஞ்சுத்துணியை வைத்து, அது நகராதபடி பாதிக் கொட்டை ஓட்டைக் கவிழ்த்துக் கட்டுவார்கள். 24 மணி நேரம் கழித்து ஓட்டை எடுத்துவிட்டு, புண்ணுக்கு வாட்டிய முட்டைக்கோஸ் இலை. ஒரு வாரத்தில் காய்ச்சல் வரும், கொஞ்சம் கொப்புளம் போடும், பிறகு இறங்கிவிடும்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஏறுவது உயிருள்ள பெரியம்மைக் கிருமி. குத்திக்கொண்டவரைத் தனியே வைக்காவிட்டால் அவரிடமிருந்தே அடுத்தவருக்கு முழு நோய் தொற்றும். முறையான மருத்துவப் பட்டம் பெற்றிருந்த வில்லியம் டக்ளஸ் எதிர்த்ததில் இந்த ஒரு நியாயம் இருந்தது. எதிர்ப்பு அதோடு நிற்கவில்லை: நவம்பரில் மேதர் வீட்டு ஜன்னல் வழியாக வெடிகுண்டு வீசினார்கள்; நல்லவேளை, திரி கழன்றுவிட்டது.

கணக்குதான் வாதத்தை முடித்தது. சுமார் 11,000 பேர் இருந்த ஊரில் 5,889 பேருக்கு அம்மை கண்டது, 844 பேர் இறந்தார்கள்: ஏழில் ஒருவர். பாயில்ஸ்டன் குத்திய 240-க்கும் மேற்பட்டவர்களில் இறந்தவர் 6 பேர்: நாற்பதில் ஒருவர்.

அதே ஆண்டு ஏப்ரலில் லண்டனில், துருக்கிக்கான பிரிட்டிஷ் தூதராக இருந்தவரின் மனைவி மேரி வொர்ட்லி மாண்டேகு தன் மகளுக்குக் குத்தவைத்தார். கான்ஸ்டான்டினோப்பிளில் (இன்றைய இஸ்தான்புல்) கற்றுவந்த முறை அது. ஆகஸ்டில் நியூகேட் சிறைக்கைதிகள் 6 பேருக்குக் குத்திப் பார்த்தார்கள். ஆறு பேரும் பிழைத்து விடுதலையானார்கள்.

ஒனேசிமஸின் விடுதலை வேறு விதம். தனக்குப் பதிலாக இன்னொரு அடிமையை வாங்க மேதருக்குப் பணம் கொடுத்து, 1716-ல் அரைகுறையாக அதைப் பெற்றார்.